கிராமத்துக்குப் போய் ஒரு நாள் சுவர் கட்டினா உதவியா?

ஒரு லிசனர் அனுப்பின கேள்விதான் இன்னைக்கு எபிசோடு: "ஆபீஸ்ல வாலன்டியரிங் கூப்பிடுறாங்க. ஒரு கிராமத்துல ஸ்கூல் கட்ட உதவணுமாம். போகலாமா?"

நான் போயிருக்கேன். நாலு வருஷம் முன்னாடி, 25 பேர், ஏசி பஸ், ஒரே கலர் டி-ஷர்ட். ஒரு கிராமத்துப் பள்ளிக்கு நாள் முழுக்க பெயின்ட் அடிச்சோம். பாதி பெயின்ட் தரையில. ஓரமா நின்னு பார்த்துட்டிருந்த ஒரு அண்ணன் மெதுவா சொன்னார்: "தம்பி, நான் பெயின்டர்தான். உங்க பஸ் வாடகையை எனக்குக் கூலியா கொடுத்திருந்தா ரெண்டு கோட்டிங் அடிச்சிருப்பேன். மேல ஒழுகுற இடத்தையும் பூசியிருப்பேன்." கூரை ஒழுகுதுன்னே எங்களுக்குத் தெரியாது. யாரும் கேட்கல. அவர் கோபமா சொல்லல, அதனாலதான் இன்னும் உறுத்துது.

சரி, அப்போ எப்படிச் செய்யணும்? அதுக்கு ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோ நாட்டுக்குப் போவோம். அங்க கான்டோன்னு ஒரு கிராமம். அந்த ஊர்லேருந்து முதல்ல பள்ளிக்கூடம் போன பையன் பிரான்சிஸ் கேரே. ஊர்ல பள்ளி கிடையாது, அதனால ஏழு வயசுலேயே வீட்டை விட்டு வெளியூர் போய்ப் படிச்சார். அப்புறம் தச்சு வேலை கத்துக்க ஸ்காலர்ஷிப்ல ஜெர்மனி போனவர், பெர்லின்ல ஆர்க்கிடெக்சர் சேர்ந்தார். படிச்சிட்டிருக்கும்போதே நண்பர்கள்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா பணம் சேர்த்து, ஊர்ல ஒரு பள்ளி கட்டக் கிளம்பிட்டார். 2001-ல கட்டி முடிச்சாங்க.

ஆனா ஆரம்பத்துல ஊரே எதிர்ப்பு. ஏன்னா அவர் மண்ணுல கட்டலாம்னு சொன்னார். மழைக்காலம் வந்தா மண் வீடு கரையும்னு அவங்களுக்கு அனுபவத்துலேயே தெரியும். ஜெர்மனி வரைக்கும் போய்ப் படிச்சிட்டு வந்து மண்ணான்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி! கேரே அதைத் தள்ளிட்டுப் போகல. மண்ணோட கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்திக் கல் செஞ்சு, மாதிரி கட்டிக் காட்டினார். அவங்க நம்பின அப்புறம்தான் வேலை தொடங்குச்சு. பசங்க அஸ்திவாரத்துக்குக் கல் பொறுக்கிட்டு வந்தாங்க. பெண்கள் கல் அறுக்கத் தண்ணி சுமந்தாங்க.

இப்போ இதுல இருக்கிற இன்ஜினியரிங்கைப் பாருங்க. வெறும் தகரக் கூரை போட்டா வகுப்பறை அடுப்பு மாதிரி கொதிக்கும். அதனால மண் கல்லை அடுக்கி, காத்து போக வழி விட்டு ஒரு உள்கூரை. அதுக்கு மேல இடைவெளி விட்டு, தூக்கி வச்ச தகரம். சூடான காத்து மேல ஏறி அந்த இடைவெளி வழியா வெளிய போயிடும். ஏசி இல்ல, ஃபேன் இல்ல. தகரத்தைத் தாங்குறது சாதாரண கட்டுக்கம்பியை வெல்டு பண்ணின சட்டம். கிரேன் தேவையில்ல, ஒரு ரம்பமும் சின்ன வெல்டிங் மெஷினும் போதும். ஊர்க்காரங்க கத்துக்கிட்டு அவங்களே செய்யுற மாதிரிதான் டிசைனே போட்டிருக்கார்.

நம்ம பாஷையில சொன்னா, கோடு எழுதுறது ஒரு வாரம், மெயின்டெயின் பண்றது பல வருஷம். எழுதினவன் கிளம்பிட்ட அப்புறம் பக் வந்தா யார் பார்ப்பா? கான்டோவுல பதில் இருக்கு: கட்டினவங்க அங்கேயே இருக்காங்க. கத்துக்கிட்ட தொழிலை வச்சு வெளியூர்லயும் வேலைக்குப் போனாங்க. பள்ளிக்கு 2004-ல ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைச்சுது. 2022-ல கேரேவுக்குப் பிரிட்ஸ்கர் பரிசு. அதை வாங்கின முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

நம்ம எல்லாரும் கேரே ஆக முடியாது, உண்மைதான். அவருக்கு அது சொந்த ஊர் வேற. ஆனா பஸ் ஏறுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்கலாம். இந்த வேலையைக் கேட்டது ஊரா, நம்ம ஆபீஸா? ஊர்லயே இதைச் செய்யத் தெரிஞ்சவங்களுக்குக் கூலி கொடுக்கிறோமா? அடுத்த மழையில ஒழுகினா யார் சரி பண்ணுவா?

பதில் இல்லன்னா, போக வேண்டாம்னு சொல்லல. மண்வெட்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை சும்மா போய் உட்கார்ந்து கேட்டுட்டு வாங்க. நாங்க அன்னைக்கு அதைச் செஞ்சிருந்தா, அந்தப் பெயின்டர் அண்ணனை ஓரமா நிக்க வச்சிருக்க மாட்டோம்.

அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே!