ஆஸ்பாத் (பாரசீகக் காற்றாலை)

ஆஸ்பாத் என்பது கிழக்கு ஈரானிலும் அதை ஒட்டிய மேற்கு ஆப்கானிஸ்தானிலும் தானியம் அரைப்பதற்காகக் கட்டப்பட்டு வந்த மரபான காற்றாலை வகை ஆகும். இதன் அச்சு தரைக்குச் செங்குத்தாக நிற்கும். இறக்கைகள் குடை ராட்டினம் போல அச்சைச் சுற்றி வரும். காற்றாலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வரும் நெதர்லாந்துக் காற்றாலையின் அமைப்பு இதற்கு நேர் மாறானது. எழுத்துச் சான்றுகளின்படி, மாவு அரைக்கப் பயன்பட்ட காற்றாலைகளில் மிகப் பழையது ஆஸ்பாத் வகையே என்று கருதப்படுகிறது.

பெயர்

பாரசீக மொழியில் 'ஆஸ்' என்பது அரைக்கும் கல், அதாவது திருகை. 'பாத்' என்பது காற்று. எனவே ஆஸ்பாத் என்றால் காற்றுத் திருகை. இதே முறையில் அமைந்த வேறு சொற்களும் அம்மொழியில் உண்டு. கையால் சுற்றுவது 'தஸ்தாஸ்' ('தஸ்த்' என்றால் கை). விலங்கைக் கட்டிச் சுற்றுவது 'கராஸ்' ('கர்' என்றால் கழுதை). நீரால் சுற்றுவது 'ஆசியாப்' ('ஆப்' என்றால் நீர்). எதன் வலுவால் கல் சுழல்கிறதோ அதுவே பெயராகிறது.

இவற்றுள் ஆசியாப் என்ற சொல் நாளடைவில் எல்லா ஆலைகளுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. அதனால் காற்றாலையை 'ஆசியாபே பாதி' என்றும் சொல்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'காற்றால் ஓடும் நீராலை' என்று வேடிக்கையாகப் பொருள்படும். தமிழிலும் இதைப் போன்ற மாற்றம் நடந்திருக்கிறது. பழந்தமிழில் கரும்பு பிழியும் பொறியைக் குறித்த 'ஆலை' இன்று நூற்பாலை, சிமென்ட் ஆலை வரை எல்லாவற்றுக்கும் வழங்குகிறது. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் நிற்கும் காற்றாலைகள் எதையும் அரைப்பதில்லை, மின்சாரமே தருகின்றன. ஆஸ்பாத் என்ற சொல்லில் மட்டும் கல் இன்னும் இருக்கிறது.

காற்றும் கட்டடமும்

ஈரானின் சீஸ்தான், கொராசான் பகுதிகளில் கோடைக்காலத்தில் வட திசையிலிருந்து ஒரு காற்று வீசும். ஏறத்தாழ நான்கு மாதங்கள் தொடர்வதால் இதற்கு 'நூற்றிருபது நாள் காற்று' என்று பெயர். சில நாள்களில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் வேகம் எடுக்கும். வயலையும் வாய்க்காலையும் மணலால் மூடிவிடும் இந்தக் காற்று, கோதுமை அறுவடைக்குப் பிறகு வருவது ஆலைக்காரருக்கு வாய்ப்பாக அமைந்தது.

மிக முக்கியமானது, இக்காற்று பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து வருகிறது என்பதே. ஐரோப்பாவில் காற்றின் திசை அடிக்கடி மாறும். அங்கே 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய காற்றாலைகளில், காற்று மாறும்போதெல்லாம் ஆலையின் உடலையே ஒரு நடுக்கம்பத்தின் மேல் திருப்ப வேண்டியிருந்தது. ஆஸ்பாத்துக்கு அந்தத் தேவை இல்லை. காற்று வரும் திசையைப் பார்த்து ஒருமுறை சுவர் எழுப்பினால் போதும்.

செங்குத்து அச்சில் வேறொரு சிக்கல் உண்டு. திறந்த வெளியில் நிறுத்தினால், காற்று ஒரு பக்கத்து இறக்கைகளைத் தள்ளும் அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் திரும்பி வரும் இறக்கைகளையும் தடுக்கும். இரண்டு விசைகளும் ஒன்றையொன்று பெரும்பாலும் ஈடுசெய்துவிட, ஆலை சரியாகச் சுழலாது. இதற்காகவே காற்று வரும் முகப்பில் ஒரு பாதியைச் சுவரால் மறைத்து, மறுபாதியில் மட்டும் வழி விடுகிறார்கள். குறுகலான அந்த வாயில் நுழையும்போது காற்றின் வேகமும் கூடுகிறது. எனவே சுவர் வெறும் தாங்கி அன்று. பொறியின் பாதி அதுதான்.

அச்சின் அடி முனை மேற்கல்லுடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். அச்சு ஒரு சுற்றுச் சுற்றினால் கல்லும் ஒரு சுற்றுச் சுற்றும். கிடை அச்சைக் கொண்ட ஐரோப்பிய ஆலைகளில் சுழற்சியைத் திசைமாற்றப் பல்சக்கரங்கள் தேவைப்பட்டன. இங்கே பல்சக்கரம் எதுவும் இல்லை. மண்ணும் மரமும் தெரிந்த உள்ளூர்க்காரர்களே பழுது பார்த்துக்கொள்ள முடிந்தது. காற்றின் தள்ளுவிசையால் மட்டும் இயங்குவதால் இறக்கைகள் காற்றைவிட வேகமாகச் சுழல முடியாது என்பதும், நவீனச் சுழலிகளோடு ஒப்பிட்டால் இதன் திறன் குறைவு என்பதும் உண்மையே. ஆனால் விலையில்லாத காற்று நான்கு மாதங்கள் விடாமல் வீசும் ஊரில் அது பெரிய குறை என்று சொல்வதற்கில்லை.

வரலாறு

கி.பி. 644இல் கலீஃபா உமரைக் கொன்ற பாரசீக அடிமை, காற்றால் ஓடும் ஆலை கட்டத் தெரிந்தவன் என்று ஒரு கதை உண்டு. பிற்கால நூல்களில் மட்டுமே வருவதால் அதை உறுதியான சான்றாகக் கொள்ள இயலாது. 10ஆம் நூற்றாண்டில் அல்-இஸ்தக்ரி, அல்-மசூதி ஆகியோர் சீஸ்தானின் காற்றையும் காற்றாலைகளையும் பற்றி எழுதியிருப்பது நம்பத்தக்கது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அல்-திமஷ்கி விவரிக்கும் ஆலையில் கல் மேல்தளத்திலும் இறக்கைகள் கீழ்த்தளத்திலும் இருக்கின்றன. இன்று எஞ்சியிருப்பவற்றில் இறக்கைகள் மேலே, கல் கீழே. இந்த மாற்றத்தால் இறக்கைகளுக்கு உயரத்தில் வீசும் வலுவான காற்று கிடைத்தது.

நஷ்டிஃபான்

ஆஸ்பாத்களைக் கூட்டமாகக் காணக்கூடிய ஊர், ஆப்கானிஸ்தான் எல்லைக்கு அருகில் காஃப் வட்டத்தில் உள்ள நஷ்டிஃபான். 'புயலின் கொடுக்கு' என்று அவ்வூர்ப் பெயருக்குப் பொருள் சொல்லப்படுகிறது. மண்ணும் வைக்கோலும் குழைத்துக் கட்டிய ஏறத்தாழ 30 ஆலைகள் இங்கே ஒன்றின் சுவரை ஒன்று பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. உயரமானவை 20 மீட்டர் வரை இருக்கும். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று பயணக் கட்டுரைகள் கூறுவது தொழில்நுட்பத்துக்குப் பொருந்தும். மண் சுவர்களோ காலந்தோறும் பூசிப் புதுப்பிக்கப்பட்டவை.

இவை 2002இல் ஈரானின் தேசிய மரபுச் சின்னமாகப் பதிவாயின. 2017இல் ஈரானின் ஆஸ்பாத்கள் யுனெஸ்கோவின் உலக மரபுத் தற்காலிகப் பட்டியலில் இடம்பெற்றன. நஷ்டிஃபானில் சில ஆலைகள் இன்றும் சுழலும் நிலையில் உள்ளன. எனினும் எந்திர மாவாலைகள் வந்த பிறகு இத்தொழிலால் பிழைக்க வழியில்லை. இளையோர் கற்க முன்வருவதும் அரிதாகிவிட்டது. சுவரைப் பூசவும் மரத்தை மாற்றவும் நிதி ஒதுக்கிவிடலாம். காற்றின் வேகத்துக்கு ஏற்ப இரு கற்களுக்கும் இடையிலான இடைவெளியைக் கூட்டிக் குறைப்பதும், தேய்ந்த கல்லை மீண்டும் கொத்துவதும் கூடவே நின்று பார்த்துக் கற்றவர்களுக்கே கைவரும். அப்படிக் கற்றவர்கள் இப்போது மிகச் சிலரே, அவர்களும் முதியவர்கள்.