கடற்காற்றை ஒலியால் அளத்தல்

வாப்பா நாவாந்துறைக் கரையில் நின்று, "சோளகம் எழும்பிட்டுது. இண்டைக்கு வள்ளம் இறக்கேலாது" எண்டு சொல்லுவார். யாழ்ப்பாணத்துக் கடலில் அவர் கணிப்புத் தப்பியதில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்துக்குப் போன பிறகு அந்தக் கணிப்பு அவருக்குக் கைகொடுக்கவில்லை. "இந்தக் கரையின்ர காத்து எனக்குப் பழக்கமில்ல மகன்" என்றார்.

வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரும் திசையும் நம்மிடம் உண்டு. அரபு மாலுமிகளின் 'மவ்ஸிம்' என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று. ஆனால் எந்தக் கடலுக்கும் பொருந்துவதற்கு வேகத்தின் அளவு வேண்டும்.

அந்த அளவைக் கடலிலேயே எடுக்க வேண்டும். கரையில் மரமும் வீடும் காற்றைத் தடுக்கும். கடலில் அந்தத் தடை இல்லை. மிதவைகளில் பொருத்திய பழைய கிண்ணக் கருவிகள் சுழன்று அளப்பவை. உப்பேறிப் பேரிங் இறுகினால் காற்றைக் குறைத்துக் காட்டும்.

மீயொலிக் கருவியில் சுழலும் பாகம் இல்லை. எதிரெதிரே இரண்டு ஒலி முனைகள் இருக்கும். இடைவெளி 20 சென்றிமீற்றர், காற்று விநாடிக்கு 10 மீற்றர் என்று வைப்போம். காற்றோடு போகும் ஒலி ஏறத்தாழ 571 மைக்ரோ விநாடியில் சேரும். எதிர்த்து வரும் ஒலிக்கு 606 ஆகும். இரண்டு நேரங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒலியின் சொந்த வேகம் கழிந்துவிடும். ஆகவே வெப்பமும் ஈரப்பதமும் அளவைக் கெடுப்பதில்லை. குறுக்காக இன்னொரு சோடி முனைகள் இருந்தால் திசையும் தெரியும்.

மிதவையோ அலையில் ஆடும், திரும்பும். அதனால் திசைகாட்டியும் சாய்வுமானியும் வேண்டும்; சில நிமிட அளவுகளின் சராசரியே எடுக்கப்படும். பறவை வந்து குந்தி ஒலியை மறித்தால் அளவு பிழைக்கும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையைக் கடந்தே போனது. அன்று வங்கக் கடலில் இத்தகைய மிதவைகள் இல்லை. சென்னையிலுள்ள இந்தியத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1997 முதல் வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நிறுத்திவருகிறது. அளவுகள் செய்மதி வழியே கரைக்கு வருகின்றன.

விநாடிக்கு 10 மீற்றர் என்றால் மணிக்கு 36 கிலோமீற்றர். வள்ளம் இறக்குமுன் அது தமிழில் தொழிலாளியின் காதுக்கு எட்ட வேண்டும். ஊர் மாறிப்போன வாப்பா போன்றவர்களுக்கு அது இன்னும் அவசியம்.