ஹார்மோன் ஏற்பிச் சோதனை: ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

மும்பையில் பேத்தாலஜிஸ்டாக இருக்கிறேன். சங்க விழாக்களில் யாராவது ஓர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டை நீட்டி, "இ.ஆர். நெகட்டிவ்னு போட்டிருக்கே, நல்லதுதானே டாக்டர்?" என்று கேட்பதுண்டு. இல்லை அம்மா, இந்தச் சோதனையில் பாசிட்டிவ்தான் நல்லது.

பல மார்பகப் புற்றுகள் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் வளர்பவை. அந்த ஹார்மோன் வந்து ஒட்டும் புரதமே ஏற்பி. அதன் சுருக்கப் பெயர்தான் இ.ஆர். 1896-ல் கிளாஸ்கோ மருத்துவர் ஜார்ஜ் பீட்சன், சினைப்பைகளை அகற்றினால் கட்டி சுருங்குவதை எழுதினார். காரணம் புரிந்தது, 1950களின் பிற்பகுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் இந்த ஏற்பியைக் கண்டறிந்த பிறகுதான். ஏற்பி உள்ளவர்கள் தமாக்சிஃபென் மாத்திரையை 5 ஆண்டுகள் சாப்பிட்டால், 15 ஆண்டுகளில் இந்நோயால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஏற்பி இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை.

இதை அளப்பது எப்படி? திசுவை ஃபார்மலினில் பதப்படுத்தி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டுவோம். ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டுச் சாயமேற்றினால், ஏற்பி உள்ள செல்களின் உட்கரு பழுப்பாகும். நூற்றுக்கு எத்தனை செல், எவ்வளவு அழுத்தமான நிறம் என்று கணக்கிடுகிறோம். 2010-லிருந்து 1 சதவீதம் இருந்தாலே பாசிட்டிவ். 1 முதல் 10 வரை 'குறைந்த பாசிட்டிவ்' என்று எழுத வேண்டும் என 2020-ல் விதி வந்தது.

ஆனால் பிழை பெரும்பாலும் சோதனைக்கு முன்பே நேர்ந்துவிடுகிறது. அறுவைக்குப் பின் 1 மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் விழ வேண்டும். அதில் 6 முதல் 72 மணி நேரம் இருக்க வேண்டும். ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு சகோதரியின் திசு, வெறும் உப்புநீரில் இரவெல்லாம் பயணம் செய்து வந்தது. விடை நெகட்டிவ். பார்த்தேன், பக்கத்திலிருந்த நல்ல பால்குழாய்ச் செல்களிலும் நிறமே இல்லை. அவற்றில் கொஞ்சமாவது நிறம் ஏற வேண்டும்; ஏறாவிட்டால் சோதனையே தோற்றதாக அர்த்தம். முன்பு ஊசி பயாப்ஸி எடுத்த மெழுகுக் கட்டியை வரவழைத்துப் பார்த்தோம். 80 சதவீதம் பழுப்பு! அந்த மாத்திரை அவருக்குக் கிடைக்காமலே போயிருக்கும்.

உண்மையான நெகட்டிவும் உண்டு. அதற்கு வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. எனவே பயம் வேண்டாம், கேள்வி வேண்டும். எத்தனை சதவீதம்? நல்ல செல்களில் நிறம் ஏறியதா? திசு எப்போது ஃபார்மலினில் போடப்பட்டது? சந்தேகமிருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஊர் மாறினால் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இடம்விட்டு இடம் மாறும் நமக்கு, ரேஷன் கார்டைப் போல அதுவும் பத்திரமாக வைக்க வேண்டிய பொருள்தான்.