காலம் கடந்து ஒலிக்கும் நால்வர் இசை

நுழையும்முன்

ஓர் இசைக்குழு பாடல்களைப் பதிவுசெய்த காலம் எட்டு ஆண்டுகளுக்கும் குறைவு. அக்குழு கலைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. குழுவினர் நால்வருள் இருவர் மறைந்துவிட்டனர். ஆயினும், அவர்தம் பாடல்களைத் தாத்தாவும் பேத்தியும் ஒன்றாகக் கேட்கின்றனர். புகழ் விரைவில் தோன்றி விரைவில் மறையும் திரள்மக்கள் இசையுலகில் இந்த நிலைபேறு எவ்வாறு வாய்த்தது? இங்கிலாந்து நாட்டின் ‘பீட்டில்ஸ்’ இசைக்குழுவின் வரலாற்றின் வழியே இவ்வினாவுக்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

துறைமுக நகரின் பிள்ளைகள்

இங்கிலாந்தின் வடமேற்கில் அமைந்த துறைமுக நகரம் லிவர்பூல். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சால் பெரிதும் சிதைந்த இந்நகரில், போர்க்காலத்தில் பிறந்தவர்களே ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும். 1950களில் அமெரிக்காவிலிருந்து வந்த ‘ராக் அண்டு ரோல்’ இசை இங்கிலாந்தின் இளைஞர்களைக் கவர்ந்தது. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட் போன்ற கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களை இவர்கள் இசைத்தட்டில் திரும்பத் திரும்பக் கேட்டுப் பயின்றனர்.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ‘ஸ்கிஃபிள்’ என்னும் எளிய இசைவகை பரவியிருந்தது. மலிவான ஒரு கிதார், துணி துவைக்கும் பலகை, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய கருவி ஆகியன இருந்தாலே ஓர் இசைக்குழுவைத் தொடங்கிவிடலாம். லெனன் அவ்வாறு தொடங்கிய குழு ஒன்று 1957ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் தேவாலயத் திருவிழா ஒன்றில் பாடியது. அன்றுதான் லெனனும் மெக்கார்ட்னியும் முதன்முதலாகச் சந்தித்தனர். அப்போது லெனனுக்கு வயது பதினாறு, மெக்கார்ட்னிக்குப் பதினைந்து.

மெக்கார்ட்னி தம் தாயை 1956இல் நோய்க்குப் பறிகொடுத்திருந்தார். லெனனின் தாய் 1958இல் சாலை விபத்தில் உயிரிழந்தார். ஒரே துயரைச் சுமந்த இளைஞர் இருவரின் நட்பு, இசையால் இறுகியது. பிற்காலத்தில் லெனன் தம் தாயின் பெயரிலேயே ஒரு பாடல் இயற்றினார். மெக்கார்ட்னி கனவில் தம் தாயைக் கண்ட ஆறுதலிலிருந்து ஒரு பாடலை உருவாக்கினார்.

உழைப்பு வளர்த்த கலை

பீட்டில்ஸ் குழுவினர் ஒரே இரவில் புகழ்பெற்றவர் அல்லர். 1960ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இக்குழு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்குச் சென்றது. அங்குள்ள இரவு விடுதிகளில் நாள்தோறும் நான்கு மணி நேரத்துக்கு மேலாகவும், வார இறுதியில் ஆறு மணி நேரம் வரையிலும் இசைக்க வேண்டியிருந்தது. தங்கும் இடமோ வசதியற்றது; கேட்போரோ தம் போக்கில் உண்டும் குடித்தும் இருப்பவர். அவர்களைத் திரும்பிப் பார்க்கச் செய்யவும், இரவு முழுவதற்கும் போதிய பாடல்களைக் கற்கவும் வேண்டியிருந்த நெருக்கடியே இக்குழுவைச் செதுக்கியது.

1962இன் தொடக்கத்தில் லண்டனின் டெக்கா நிறுவனம் இவர்களது குரலைச் சோதித்துவிட்டு ஏற்க மறுத்தது. பின்னர் மேலாளர் பிரையன் எப்ஸ்டீனின் விடாமுயற்சியால், இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இவர்களை ஏற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் முரசுக் கலைஞராக ரிங்கோ ஸ்டார் இணைய, நால்வர் அணி முழுமை பெற்றது. 1963 பிப்ரவரி 11 அன்று, முதல் இசைத்தொகுப்பின் பதினான்கு பாடல்களுள் பத்தை ஒரே நாளில் பதிவுசெய்தனர். தடுமனால் வருந்திய லெனன், தொண்டையை வருத்தும் பாடலை இறுதிக்கென ஒதுக்கிவைத்துப் பாடி முடித்தார். ஹாம்பர்க்கின் நீண்ட இரவுகளே அந்த ஒரு நாளைச் சாத்தியமாக்கின எனலாம்.

இருவர் பேனா, ஒரு பெயர்

பாடலை ஒருவர் எழுத, மற்றொருவர் பாடுவது அக்கால வழக்கம். லெனனும் மெக்கார்ட்னியுமோ தம் பாடல்களைத் தாமே இயற்றினர். ஒருவர் தனித்து எழுதியதாயினும் இருவர் பெயரும் சேர்ந்தே இடம்பெற வேண்டும் என்பது அவர்களது உடன்பாடு. இனிய மெட்டும் நம்பிக்கையும் மெக்கார்ட்னியின் இயல்பு. கூர்மையும் எள்ளலும் லெனனின் இயல்பு. ஒருவர் எழுதியதைக் கேட்ட மற்றவர், அதனினும் சிறந்ததைப் படைக்க முனைந்தார். நட்பும் போட்டியும் ஒருங்கே நின்று இருவரையும் உயர்த்தின. 1967இல் வெளிவந்த ‘எ டே இன் தி லைஃப்’ என்னும் பாடலில், லெனன் எழுதிய பகுதிகளின் நடுவே மெக்கார்ட்னி எழுதிவைத்திருந்த வேறொரு துண்டு பொருத்தப்பட்டது. தனித்தனியே முழுமை பெறாதவை, இணைந்தபோது முழுமை பெற்றன.

ஒரே இடத்தில் நில்லாமை

1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் இவர்கள் தோன்றியபோது, ஏறத்தாழ ஏழு கோடியே முப்பது இலட்சம் பேர் பார்த்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் ‘பில்போர்டு’ பாடல் வரிசையின் முதல் ஐந்து இடங்களையும் இவர்களது பாடல்களே பிடித்தன. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் ஷியா விளையாட்டரங்கில் ஐம்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடினர். கூட்டத்தின் கூச்சலில் தாம் இசைப்பது தமக்கே கேட்காத நிலை ஏற்பட்டது.

இத்தகைய புகழை அடைந்தவர் அதனைத் தக்கவைக்க, வெற்றிபெற்ற ஒன்றையே மீண்டும் மீண்டும் செய்வது இயல்பு. இக்குழுவினரோ 1966 ஆகஸ்டு 29 அன்று சான்பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சியோடு மேடைப் பயணங்களை நிறுத்திக்கொண்டு, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழைந்தனர். அதற்கு முன்பே வெளிவந்த ‘யெஸ்டர்டே’ பாடலில் கிதாருடன் இரு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகியவை மட்டுமே ஒலித்தன. அவ்வாறே முன்னர் வெளிவந்த ‘எலினார் ரிக்பி’ பாடலில் கிதாரும் இல்லை, முரசும் இல்லை. எட்டுத் தந்திக் கருவிகளின் துணையோடு, யாருமற்றுத் தனிமையில் வாழ்ந்து மறையும் முதிய பெண்ணைப் பற்றிப் பாடியது அப்பாடல். காதலை மட்டுமே பாடிவந்த இளைஞர் இசை, தனிமையையும் முதுமையையும் இறப்பையும் பாடத் தொடங்கியது.

தெரிந்து தெளிவோம்

இன்று ஒரு பாடலில் நூற்றுக்கணக்கான ஒலித்தடங்களைத் தனித்தனியே பதிவுசெய்ய இயலும். 1967இல் பீட்டில்ஸ் குழுவினருக்குக் கிடைத்தவை நான்கு தடங்கள் கொண்ட ஒலிநாடாக் கருவிகளே. நான்கு தடங்களும் நிரம்பியதும், அவற்றைக் கலந்து வேறொரு நாடாவின் ஓரிரு தடங்களில் ஏற்றுவர். எஞ்சிய தடங்களில் புதிய ஒலிகளைச் சேர்ப்பர். ஒருமுறை கலந்துவிட்டால் பிரிக்க இயலாது. எனவே, ஒவ்வொரு முடிவையும் எண்ணித் துணிய வேண்டியிருந்தது. நாடாவைப் பின்னோக்கி ஓட்டுதல், வேகத்தை மாற்றுதல், துண்டுகளை வெட்டி ஒட்டுதல் ஆகியவற்றாலும் புதிய ஒலிகளை உருவாக்கினர்.

சிதாரின் வழியே

இந்திய இசையோடு இக்குழுவுக்கு ஏற்பட்ட உறவு குறிப்பிடத்தக்கது. 1965இல் ‘நார்வீஜியன் வுட்’ பாடலில் ஹாரிசன் சிதாரை இசைத்தார். அப்போது அவர் அக்கருவியை முறையாகப் பயின்றவர் அல்லர். மேலைநாட்டு மெட்டுக்கு அஃது ஓர் அணியாகவே பயன்பட்டது. மறு ஆண்டு சிதார் மேதை ரவிசங்கரைச் சந்தித்த ஹாரிசன், இந்தியாவுக்கு வந்து அவரிடம் மாணவராக அமர்ந்து பயின்றார். 1967இல் வெளிவந்த ‘விதின் யூ வித்தவுட் யூ’ பாடலில் தில்ரூபா, தபேலா, தம்புரா ஆகியன பாடலின் அடித்தளமாகவே அமைந்தன. அணியாக எடுத்தாண்டதற்கும் பணிந்து கற்றதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு பாடல்களும் உணர்த்துகின்றன. அந்த உறவு 1971இல் வேறொரு பயனையும் தந்தது. வங்கதேச மக்களின் துயர் துடைக்க ரவிசங்கரும் ஹாரிசனும் இணைந்து நியூயார்க்கில் நிதி திரட்டும் இசை நிகழ்ச்சியை நடத்தினர்.

மேடையில் ஓர் அறம்

1964இல் அமெரிக்காவின் தென்மாநிலங்கள் பலவற்றில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனியே அமர்த்தப்படும் வழக்கம் நீடித்தது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்சன்வில் நகரில் நடைபெறவிருந்த நிகழ்ச்சியில் அத்தகைய பிரிவினை இருக்குமாயின் இசைக்கப்போவதில்லை எனப் பீட்டில்ஸ் குழுவினர் அறிவித்தனர். செப்டம்பர் 11 அன்று அரங்கில் அனைவரும் கலந்தே அமர்ந்தனர். கறுப்பினக் கலைஞர்களிடமிருந்து இசையைக் கற்றவர்கள், அம்மக்களை ஒதுக்கிவைக்கும் அரங்கில் பாட மறுத்தது, பெற்ற கடனைத் திருப்பித் தந்த செயலாகும்.

பிரிவும் நிலைபேறும்

1967இல் எப்ஸ்டீன் மறைந்தார். பணப் பொறுப்பு, தலைமை, கலைநோக்கு ஆகியவற்றில் கருத்து வேறுபாடுகள் வளர்ந்தன. ஹாரிசனின் பாடல்களுக்குப் போதிய இடம் கிடைக்கவில்லை. 1970இல் குழு கலைந்தது. 1980இல் லெனன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001இல் ஹாரிசன் புற்றுநோயால் மறைந்தார். நால்வரும் மீண்டும் ஒரே மேடையில் தோன்ற வேண்டும் என்னும் உலகின் விருப்பம் நிறைவேறாமலே போயிற்று.

ஆயினும், 2023 நவம்பரில் ‘நவ் அண்டு தென்’ என்னும் பாடல் வெளிவந்தது. 1970களின் பிற்பகுதியில் லெனன் தம் வீட்டில் ஒலிநாடாவில் பாடிவைத்த முயற்சி அது. பியானோ ஒலியில் புதைந்திருந்த அவரது குரலைக் கணினியின் இயந்திரக் கற்றல் நுட்பம் தனியே பிரித்தெடுத்தது. ஹாரிசன் 1995இல் வாசித்திருந்த கிதாரும், மெக்கார்ட்னியும் ரிங்கோவும் புதிதாய்ச் சேர்த்த இசையும் அதனோடு இணைந்தன. நால்வரும் ஒலிக்கும் அப்பாடல் இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது.

கருவியால் குரலை மீட்க முடிந்தது. அக்குரலை மீட்க வேண்டும் என்னும் விருப்பத்தை உண்டாக்கியது, அறுபதாண்டுகளுக்கு முன் நால்வர் கூடி உழைத்த உழைப்பேயாகும். அன்று எழுந்த கூச்சல் அடங்கிவிட்டது. தலைமுடியும் உடையும் பழங்கதையாயின. எஞ்சி நிற்பவை பாடல்களே. ஒன்றில் வென்றதும் அதிலேயே தங்கிவிடாமை, பிறரிடமிருந்து கற்பதில் நாணாமை, மாறுபட்ட இயல்பினரோடு இணைந்து பணியாற்றுதல், மனிதரின் மகிழ்ச்சியோடு துயரையும் பாடுதல் ஆகியவையே அப்பாடல்களுக்கு நீண்ட ஆயுளைத் தந்தன. புதிதாய்க் கேட்கும் ஒவ்வோர் இளைஞரும் அவற்றைத் தம் காலத்துப் பாடலாகவே உணர்வதற்குக் காரணமும் இவையே.