கிட்டாரும் மிருதங்கமும் சேருமா?

சென்ற மாதம் ஒரு மாலை, திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்காகக் காத்திருந்தேன். அருகே இரண்டு மாணவர்கள். ஒருவன் தோளில் கிட்டார். மற்றவன் காலடியில் உறை போட்ட மிருதங்கம். பள்ளி ஆண்டு விழாவில் சேர்ந்து வாசிக்கப் போகிறார்களாம். "இரண்டும் சேருமா சார்?" என்று கேட்டான் கிட்டார்க்காரன். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. நெரிசலில் நின்றபடி பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்தப் பேருந்து காவிரியைக் கடந்து செல்லும் திருவானைக்காவலில்தான் 1888-இல் சர் சி. வி. இராமன் பிறந்தார். ஒளிச்சிதறலால் புகழ் பெறுமுன்னரே இசைக்கருவிகளை ஆராய்ந்தவர் அவர். சாதாரணத் தோல் முரசில் அடிப்படை அதிர்வெண் 100 என்றால், அடுத்தடுத்த அதிர்வெண்கள் ஏறத்தாழ 159, 214, 230 என வரும். முழுஎண் மடங்குகள் அல்ல. ஆகவே காதுக்கு அது வெறும் ஓசை. தந்தியிலோ 100, 200, 300 என்று ஒழுங்காக வரும். அதனால்தான் தெளிவான சுருதி.

மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருப்பு வட்டமாக உள்ள கரணை, தோலின் மையத்தைக் கனமாக்குகிறது. உடனே மேற்சுரங்கள் இடம் மாறி, 1, 2, 3, 4, 5 என்ற மடங்குகளுக்கு மிக அருகில் வந்து நிற்கின்றன! தபலாவிலும் இப்படியே. இதை இராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் விளக்கினார்கள். சமன்பாடு எதுவும் எழுதாமல், காதை மட்டும் நம்பி இதைச் செய்து முடித்த கைவினைஞர்கள் இராமனுக்கும் ஆசான்கள் என்பேன்.

ஆக, மிருதங்கத்தைக் கிட்டாரின் சுருதிக்குச் சேர்த்துவிடலாம். தொல்லை கிட்டார் பக்கம்தான். அதில் ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணைச் சுமார் 6 சதவீதம் உயர்த்தும்; அது படிக்கட்டு. நம் கமகமோ படிகளுக்கு இடையே வழுக்கிச் செல்வது. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இதைச் செய்கிறார்கள். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதம் என்று படித்திருப்பீர்கள். எனவே ஒரு மெட்டு உயர, இழுவிசை 12 சதவீதம் கூட வேண்டும். கிட்டாரில் அப்படி இழுத்தால் விரல்நுனி கட்டையில் உரசித் தடைபடும்.

ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோருடன் 1975-இல் 'சக்தி' குழுவில் இசைத்தார். அவருக்காகக் கிப்சன் நிறுவனம் தனிக் கிட்டார் ஒன்று செய்தது. மெட்டுகளுக்கிடையே கட்டையைக் குழிவாகச் செதுக்கினார்கள். விரல் கட்டையைத் தொடாமலே தந்தியை அழுத்தி இழுக்கலாம். குறுக்கே மேலும் 7 தந்திகள். மீட்டினாலும் ஒலிக்கும், ஒத்ததிர்வாலும் தாமே முனகும். விருந்தாளியாக வந்த கருவிதான் உடம்பை மாற்றிக்கொண்டது! பல ஆண்டுகளுக்குப் பின், புதிய கலைஞர்களுடன் 'சக்தி' வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 2024-இல் கிராமி விருதும் கிடைத்தது.

நீங்கள் உங்கள் கிட்டாரைச் செதுக்கப் புறப்பட வேண்டாம். மிருதங்கம் வைத்திருக்கும் நண்பரிடம் அனுமதி கேளுங்கள். வலந்தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, நுண்மணலைக் கொஞ்சம் தூவுங்கள். ஓரத்தில் மோதிர விரலால் மெல்லத் தொட்டபடி ஆட்காட்டி விரலால் அடியுங்கள். அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கும். இராமனும் இப்படித்தான் மணல் தூவிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் மணலைத் துடைத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.