எலி வளையானாலும் தனி வளை

மாதத்தில் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் திருப்பதி கோயிலின் 300 ரூபாய் தரிசன டிக்கெட் ஆன்லைனில் திறக்கும். அந்த நாளில் சித்தூர், திருப்பதி கம்ப்யூட்டர் கடைகளில் ஒன்பதே முக்காலுக்கே ஆள் சேர்ந்துவிடும். சித்தூரில் அப்படியொரு கடையில் நானும் நின்றேன். தேதி, பெயர், ஆதார் எண் எல்லாம் ஏற்றியாயிற்று. கடைசிப் பொத்தானுக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது மவுஸ் அம்பு அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் மவுஸை மேசையில் இரண்டு தட்டு தட்டினார். பேட்டரியை உருட்டிப் பார்த்தார், வாயால் ஊதினார். அம்பு மறுபடி நகர்ந்தபோது நாங்கள் கேட்ட தேதி போய்விட்டிருந்தது.

"புது மவுஸ் சார். பேட்டரியும் நேத்துதான் போட்டேன்" என்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் போல.

அவர் சொன்னது நிஜம்தான். குனிந்து சிபியுவின் பின்புறம் பார்த்தேன். அது வயர்லெஸ் மவுஸ்; சுண்டுவிரல் நகம் அளவே இருக்கும் அதன் ரிசீவர் நீல நிற யுஎஸ்பி துளையில் செருகியிருந்தது. ஒட்டினாற்போல் அடுத்த நீலத் துளையில் ஒரு வெளி ஹார்டு டிஸ்க். வம்பு அங்கேதான்.

நீலத் துளை பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. நொடிக்கு 5 ஜிகாபிட் வேகத்தில் தகவல் ஓடும். அந்த ஓட்டத்திலிருந்து கசியும் ரேடியோ இரைச்சல் அகலமாகப் பரவி, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும் மூடிவிடும். வயர்லெஸ் மவுஸ் பேசுவதோ அதே அலைவரிசையில். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. ஆனால் மவுஸ் வாங்குகிறவரிடம் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

மவுஸின் குரல் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்துகொள்ள அதிக தூரம் போக வேண்டாம். பாகாலா பக்கம் காதங்கியில், மலைகளுக்கு நடுவே, தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்குள்ள எம்.எஸ்.டி. ரேடாரில் 1,024 ஆன்டெனாக்கள். முதலில் அமைந்த வடிவில் அது 53 மெகாஹெர்ட்ஸில், உச்சத்தில் 2.5 மெகாவாட் திறனோடு வானத்தை நோக்கிக் கத்திவிட்டு, திரும்பி வரும் முனகலுக்குக் காது கொடுத்தது. நம் மவுஸ் அனுப்புவது ஏறக்குறைய ஒரு மில்லிவாட். அதாவது ரேடாரின் அந்தக் குரலில் 250 கோடியில் ஒரு பங்கு. பக்கத்தில் ஹார்டு டிஸ்க் இரைந்தால் இந்தக் கிசுகிசு எங்கே காதில் விழும்?

போதாததற்கு அந்த 2.4 ஒரு சந்தைக்கடை. 2005 ஜனவரியில் மத்திய அரசு அந்த அலைவரிசைக்கு உரிமம் தேவையில்லை என்று திறந்துவிட்டது. வைஃபை, புளூடூத், மவுஸ், கீபோர்டு எல்லாம் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பும் அங்கேதான் இரைகிறது.

இதற்கு வைத்தியம் எளிது. ரிசீவரைப் பிடுங்கிக் கறுப்புத் துளைக்கு, முடிந்தால் சிபியுவின் முன்பக்கத்துக்கு மாற்ற வேண்டும். பழைய யுஎஸ்பி 2.0-வின் வேகம் மவுஸுக்குத் தேவைக்கு மேலேயே போதும். இன்னொரு தடையும் உண்டு: பல கடைகளில் சிபியு இரும்பு மேசைக்கு அடியில், காலடியில் கிடக்கும். மவுஸ் மேலே, ரிசீவர் கீழே, நடுவில் ஒரு தகடு. இந்த அலையின் நீளமே சுமார் 12 சென்டிமீட்டர்தான். தகட்டைத் துளைத்துப் போகாது, சுற்றி வளைத்துத்தான் வர வேண்டும்.

அதன் பிறகும் நின்றால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். சும்மா கிடந்த பிறகு தொடும்போது மட்டும் எழ மறுக்கிறதென்றால், விண்டோஸ் சிக்கனம் பிடிக்கிறது என்று பொருள். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கருவியை அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட வேண்டும். புளூடூத் மவுஸ் என்றால் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேர்ப்பது பல நேரம் போதும். கண்ணாடி மேசையில் அம்பு தத்தளித்தால் அது இணைப்புக் கோளாறே இல்லை. அடியில் ஒரு காகிதம் வையுங்கள்.

அரசுச் சான்றிதழ்களைக் கணினி வழியே தரும் மீசேவா திட்டம் 2011 நவம்பர் 4 அன்று முதலில் தொடங்கியது சித்தூர் மாவட்டத்தில்தான். சான்றிதழ் முதல் டிக்கெட் வரை எல்லாம் யாரோ ஒருவரின் மவுஸ் நுனியில் தொங்கும் ஊர் இது.

கடைக்காரர் மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்தார். டேட்டா கார்டு காலத்தில் இலவசமாக வந்ததாம். அதில் ரிசீவரை மாட்டி, மானிட்டர் ஓரத்தில் செல்லோடேப்பால் ஒட்டினார். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடியது. டிக்கெட்டுக்கு மட்டும் அடுத்த மாதம் வரச் சொன்னார்.