குளோரின் இருந்தும் பாசி பிடிப்பது ஏன்?

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் பேரப்பிள்ளைகளுக்காக ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டியிருக்கிறார். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். கடையில் சொன்னபடி ‘டிசிசிஏ 90’ வில்லைகளை மிதவையில் போட்டு வருகிறார். முதல் இரண்டு மாதம் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்ததாம். மூன்றாவது மாதம் சுவரோரம் வழுக்க ஆரம்பித்து, தண்ணீரில் பச்சை தட்டிவிட்டது. சோதனைக் கிட்டில் பார்த்தால் குளோரின் 2 பிபிஎம், சரியாகவே காட்டுகிறது. “குளோரின் இருக்கும்போது பாசி எப்படி வருகிறது? வில்லை போலியா?” என்று கேட்கிறார்.

வில்லை அசலாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். கிட்டும் தவறாகக் காட்டவில்லை. அது காட்டும் எண்ணுக்கு என்ன பொருள் என்பதுதான் இங்கே விஷயம்.

குளோரினை எந்த உருவில் போட்டாலும் தண்ணீரில் அது ஹைப்போகுளோரஸ் அமிலம் ஆகிறது. கிருமியைக் கொல்வது இதுதான். இதில் ஒரு பகுதி ஹைப்போகுளோரைட் அயனியாகப் பிரிந்து நிற்கும். அதற்குக் கொல்லும் வலு பல மடங்கு குறைவு. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த அயனி வெயிலில் வரும் புற ஊதாக் கதிரை உறிஞ்சி உடைந்துபோகிறது. திறந்தவெளிக் குளத்தில், உச்சி வெயிலில், ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். காலையில் ஊற்றியது மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

இதைத் தடுக்க வந்ததுதான் சயனூரிக் அமிலம். கடைக்காரர்கள் ஸ்டெபிலைசர் என்பார்கள். மூன்று கார்பன், மூன்று நைட்ரஜன் அணுக்கள் மாறி மாறிக் கோத்த அறுகோண வளையம் அது. அந்த நைட்ரஜன்கள் ஒவ்வொன்றும் ஒரு குளோரினைப் பிடித்துக்கொள்ளும். பிடியில் இருக்கும் வரை வெயில் அதை அண்டாது. மூன்று கைகளிலும் குளோரினோடு விற்கப்படும் அந்த வளையம்தான் டிசிசிஏ வில்லை.

எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் இந்தப் பிடியில்தான் இருக்கிறது. தண்ணீரில் தனியாகத் திரியும் குளோரினைச் சட்டைப்பையில் இருக்கும் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையம் பிடித்து வைத்திருப்பது வங்கியில் போட்ட காசு. வெயில் ஒரு ஜேப்படிக்காரன்; பையில் இருப்பதைத்தான் அடிப்பான், வங்கிக்குள் நுழைய மாட்டான். பையிலிருந்து ஒரு ரூபாய் செலவானால், வங்கி நொடிப்பொழுதில் ஒரு ரூபாயைப் பையில் போட்டுவிடும். பையில் ஒரு ரூபாய் கூடினால், அதை உடனே எடுத்து உள்ளே வைத்துவிடும். பையில் எப்போதும் எவ்வளவு இருக்கலாம் என்பதை வங்கிதான் தீர்மானிக்கிறது. அந்தத் தொகை மிகச் சிறியது. தண்ணீரில் சயனூரிக் அமிலம் 30 பிபிஎம் இருந்தாலே, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு குளோரின் வங்கிக்குப் போய்விடுகிறது. மிச்சம் மூன்று பங்குதான் பையில். சாதாரண பாக்டீரியாக்களைச் சமாளிக்க அதுவே போதும்; வங்கி விடாமல் ஈடுகட்டிக்கொண்டே இருப்பதால் நாள் முழுவதும் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் வங்கிக் கிளைகள் பெருகிக்கொண்டே போனால்? சயனூரிக் அமிலம் 30-இலிருந்து 90 பிபிஎம் ஆனால், மொத்தக் குளோரின் அதே 2 பிபிஎம் ஆக இருந்தும், பையில் இருக்கும் காசு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பாசி வளரும் வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டியது பையில் இருக்கும் அந்தக் காசுதான். பாஸ்புக்கில் எவ்வளவு இருந்தாலும், வாசலில் நிற்கும் கடன்காரனுக்கு அவசரத்துக்கு உதவாது.

அப்படியானால் சோதனைக் கிட் ஏன் எச்சரிக்கவில்லை? பத்து மில்லி குளத்துத் தண்ணீரில் டிபிடி மாத்திரையை நசுக்கிப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் ரோஜா நிறமாகும். டிபிடி முதலில் பையில் இருக்கும் குளோரினை எடுத்துக்கொள்கிறது. பை காலியானதும் வங்கி நிரப்புகிறது, அதையும் எடுத்துக்கொள்கிறது. மறுபடி நிரப்புகிறது. நீங்கள் நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குள் மொத்த வைப்பும் வெளியே வந்து நிறமாகிவிடுகிறது. அதாவது கிட் காட்டும் 2 பிபிஎம், பையும் வங்கியும் சேர்ந்த மொத்தம். பையில் மட்டும் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் நிறக் கிட்டுகள் இன்னும் மோசம். வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து வலுவிழந்த குளோரினையும் கூட்டிக் காட்டிவிடும். கண் எரிச்சலும் ‘குளோரின் வாடை’யும் வருவது அந்த வலுவிழந்த குளோரினால்தான். வாடை தூக்கலாக அடித்தால் நல்ல குளோரின் போதவில்லை என்று அர்த்தம்.

வாசகரின் குளத்துக்குக் கணக்குப் போட்டுவிடலாம். கொள்ளளவு 14,400 லிட்டர். 200 கிராம் வில்லை ஒன்று கரைந்தால் சுமார் 12.5 பிபிஎம் குளோரின் கிடைக்கும். நாளுக்கு 2 பிபிஎம் செலவானால், ஒரு வில்லை ஆறு நாள் வரும். குளோரின் செலவாகிவிடுகிறது, வளையம் செலவாவதில்லை. ஆவியாகாது, ஃபில்டரில் நிற்காது. வில்லைக்கு ஏழரை பிபிஎம் வீதம் தண்ணீரிலேயே தங்குகிறது. பன்னிரண்டு வில்லை தீரும்போது, அதாவது இரண்டரை மாதத்தில், 90 பிபிஎம். அவர் குளம் மூன்றாவது மாதம் பச்சையானதில் வியப்பே இல்லை.

வரலாறு வேண்டுவோருக்கு: குளோரினை 1774-இல் பிரித்தெடுத்தவர் ஷீலெ, அது ஒரு தனிமம் என்று 1810-இல் நிறுவியவர் ஹம்ஃப்ரி டேவி, சயனூரிக் அமிலத்தை 1829-இல் தயாரித்தவர் வோலர், குளோரினும் இந்த வளையமும் எந்த விகிதத்தில் சேர்ந்து பிரிகின்றன என்பதை 1974-இல் அளந்து வெளியிட்டவர்கள் ஓ’பிரையன், மோரிஸ், பட்லர். நம் வாசகருக்கு உதவுவது இந்தக் கடைசி வேலைதான்.

சயனூரிக் அளவைப் பார்ப்பதும் எளிது. மெலமின் கரைசலைக் குளத்துத் தண்ணீரில் கலந்தால், இரண்டும் இணைந்து கரையாத வெள்ளைத் துகளாகித் தண்ணீர் பால்போல் கலங்கும். அடியில் கறுப்புப் புள்ளி வைத்த குழாயில் அதை மெல்ல ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி மறையும் இடத்தில் குழாயின் பக்கத்தில் உள்ள கோடுதான் அளவு. சீக்கிரம் மறைந்தால் அமிலம் அதிகம். 2007-இல் அமெரிக்காவில் செல்லப்பிராணி உணவில் இந்த இரண்டும் கலந்து, நாய் பூனைகளின் சிறுநீரகத்தில் படிகமாகிக் கொன்றதும் இதே இணைப்பால்தான்.

இனி, விளம்பரங்கள். “குளோரினே வேண்டாம், உப்பு போதும்” என்று விற்கப்படும் கருவி அந்த உப்பை மின்சாரத்தால் பிரித்துக் குளோரினைத்தான் தயாரிக்கிறது. ஓசோன் நன்றாகக் கொல்லும். ஆனால் தண்ணீரில் தங்காது, அடுத்த ஆள் குளத்தில் இறங்கும்போது காவலுக்கு எதுவும் இருக்காது. “ஒரு வில்லை போட்டால் கவலை விட்டது” என்பவர்கள் வில்லையோடு வரும் வளையத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. குளோரினுக்கும் எல்லை உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி, 1 பிபிஎம் குளோரினில் பத்து நாளுக்கு மேல் உயிரோடிருக்கும். வயிற்றுப்போக்கு உள்ள பிள்ளையைக் குளத்தில் இறக்கவே கூடாது.

வாசகர் இப்போது செய்ய வேண்டியது: பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட வேண்டும். சயனூரிக் அமிலத்தைக் குறைக்க நடைமுறையில் இதைவிட நல்ல வழி இல்லை. அளவு 30 முதல் 50-க்குள் வந்ததும் வில்லையை நிறுத்திவிட்டு, 10 சதவீத சோடியம் ஹைப்போ திரவத்துக்கு மாறலாம். இந்தக் குளத்துக்கு 2 பிபிஎம் ஏற்ற சுமார் 300 மில்லி போதும். வெயில் சாய்ந்த பிறகு ஊற்றி மோட்டாரை ஓடவிட்டால் இரவு முழுவதும் வேலை செய்யும். சூட்டில் ஹைப்போ வீரியம் இழக்கும். நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புதிதாக வாங்குவது நல்லது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்கட்டும். குளோரின், சயனூரிக் அளவில் இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கக் கூடாது.

டிசிசிஏ-யையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில், ஒரே கரண்டியால்கூடக் கலக்காதீர்கள், தீப்பற்றும், வெடிக்கும். ஹைப்போவோடு ஆசிட் சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். எந்த மருந்தானாலும் தண்ணீரில்தான் மருந்தைச் சேர்க்க வேண்டும்; மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது சயனூரிக் சோதனைக் கிட்டையும் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். அந்த எண் தெரியாமல் குளோரின் எண்ணை மட்டும் நம்பிப் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள்.